குடிச்சிட்டு ஓட்டி, போலீஸ் மெஷின்ல ஊதி மாட்டுன டிரைவர் வீட்ல இருக்கவங்களுக்கு: ஃபைன் கட்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை

கொழிஞ்சாம்பாறைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் வேலையும். தமிழ்நாடு பார்டர்ல கேரளா பக்கம் இருக்கற ஊரு. தமிழ்நாட்ல 1987லருந்து கள்ளு இறக்க தடை, இந்தப் பக்கம் சித்தூர் தாலூக்கா பூரா கள்ளுதான் (ஆந்திரா சித்தூர் இல்லீங்க, பாலக்காடு சித்தூர்), அதனால ஞாயித்துக்கெழமையானா டிஎன் 41 (பொள்ளாச்சி) வண்டிங்க வரிசையா நிக்கும், சாயங்காலமானா அதே ரோட்ல செக்கிங்கும் நிக்கும். திங்கக்கெழமை காலைல என் கடைல கூட்டம் வரும். "அக்கா, ஊதுனதுல மாட்டிக்கிட்டேன், இத எங்க கட்றது?" இதான் மொத கேள்வி. ரெண்டாவது கேள்வி "யாரையாச்சும் பிடிச்சு முடிச்சிரலாமா?"

இத எழுதறதுக்குக் காரணம் அந்தக் கூட்டத்துல ஒரு நாள் எங்கண்ணனும் நின்னது. பிக்கப்ல இளநி லோடு ஓட்டறவரு, பொள்ளாச்சில ஏத்தி எர்ணாகுளத்துல இறக்கணும். ராத்திரி 11 மணிக்கு மாட்டுனாரு. ஊதுன மெஷின் சீட்டுல 146ன்னு இருந்துச்சு. நம்ம சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டுனாலே குத்தம், அப்ப 146ன்னா கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. ஆனா பாருங்க, பிடிச்ச போலீஸ்காரரே "ஆள் நேரா நின்னு நல்லா பேசறாரே"ன்னு ஆச்சரியப்பட்டாராம். அண்ணன் இதப் பெருமையா சொன்னாரு. பின்னாடி டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது, அவ்வளவு ஏறியும் ஆடாம நிக்கறாருன்னா ஒடம்பு அதுக்குப் பழகிப்போச்சுன்னு அர்த்தம், அதான் பயப்பட வேண்டிய விஷயம்னு.

மொதல்ல ஒரு சின்ன வேலை. அந்த மெஷின்லருந்து வர்ற சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி வழவழன்னு இருக்கும், சூடு பட்டு எழுத்து வர்ற பேப்பர் அது, ரெண்டு மூணு மாசத்துல வெள்ளையாயிரும். அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்க, என் கடைலதான்னு இல்ல, எங்கயாச்சும். கோர்ட்டுக்குப் போறப்ப வெத்துப் பேப்பரக் கையில வச்சுக்கிட்டு முழிக்கறவங்கள நிறைய பாத்திருக்கேன்.

இப்ப சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. மொத தடவைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபா ஃபைன், இல்ல ரெண்டும். ரெண்டாவது தடவைன்னா 2 வருஷம் வரைக்கும், இல்ல 15,000, இல்ல ரெண்டும். 2019ல திருத்துனதுக்கு அப்புறம் வந்த கணக்கு இது. ஹெல்மெட் கேஸ் மாதிரி அங்கயே காசு கட்டி முடிக்கற கேஸ் இது இல்ல, கோர்ட்டுக்குப் போயே ஆகணும், அதனால "நான் ஸ்டேஷன்லயே முடிச்சுத் தர்றேன்"னு எவனாச்சும் வந்தான்னா அவன் உங்க காசைத்தான் முடிக்கப் போறான்.

சரி, தண்டனைக்கு பதிலா சிகிச்சைன்னு சட்டத்துல இருக்கான்னு கேட்டா, குடிச்சிட்டு ஓட்டுன கேஸுக்குன்னு நேரா அப்படி ஒரு பிரிவு நம்மூர்ல இல்ல. அமெரிக்கால இருக்கு. 1995லயே நியூ மெக்சிகோ மாநிலத்துல டோனா ஆனாங்கற கவுண்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) இதுக்குன்னே தனி கோர்ட் ஆரம்பிச்சாங்க. திரும்பத் திரும்ப மாட்டறவன ஜட்ஜே கூப்ட்டு சிகிச்சைக்கு அனுப்பி, வாரா வாரம் வரச்சொல்லி, ஊதச்சொல்லி, ஒழுங்கா இருந்தா தண்டனை குறையும். சவுத் டகோடால 2005ல இன்னொரு முறை கொண்டாந்தாங்க, தெனமும் காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா போயி ஊதணும், குடிச்சிருந்தா அப்பவே உள்ள, ஆனா ஒரு நாள் ரெண்டு நாள்தான். அத ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்ப, அங்க குடிச்சிட்டு ஓட்டி மறுபடி மாட்டறது 12 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, வீட்ல அடிதடின்னு கைதாகறதும் 9 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. என்னைக்கோ வரப்போற பெரிய தண்டனையவிட அன்னைக்கே கிடைக்கற சின்ன தண்டனைக்குத்தான் குடிகாரன் பயப்படறான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

நம்மூர்ல அந்த ஏற்பாடு இல்லாததால அத நாமளே பண்ணிக்கணும். கோர்ட் தேதி வர்றதுக்கு முன்னாடியே சிகிச்சை ஆரம்பிச்சு, அந்தப் பேப்பரோட ஜட்ஜ் முன்னாடியும் ஆர்டிஓ முன்னாடியும் போயி நிக்கறது. ஜட்ஜ் சொன்னதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா வேலைக்காகாது, அவரா சொல்லவும் மாட்டாரு.

ஆனா எல்லாருக்கும் சிகிச்சை தேவையில்ல, இதையும் சொல்லிரணும். கல்யாண வீட்ல ஒரு நாள் குடிச்சிட்டு பைக் எடுத்து மாட்டுன பையனுக்கு 10,000 கட்டுனா போதும், அந்த வலியே அவனுக்கு மருந்து. யாரு அந்தக் கணக்கு, யாரு வேற கணக்குன்னு பாக்கறதுக்கு டாக்டருங்க ஆடிட்னு 10 கேள்வி வச்சிருக்காங்க, உலக சுகாதார நிறுவனம் போட்டது, மொத்தம் 40 மார்க். 8 தொட்டாலே உஷாராகணும், 20ஓ அதுக்கு மேலயோன்னா பெரும்பாலும் அடிமையாயிட்டாருன்னு அர்த்தம். வீட்ல பாக்கறதுக்கு இன்னும் சுலபமா ஒண்ணு இருக்கு, காலைல எந்திரிச்சதும் கை பாருங்க. எங்கண்ணன் டீ கிளாஸ ஒரு கையால எடுக்க மாட்டாரு, ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சு, கிளாஸ் வாய்க்கு வராம வாய் கிளாஸுக்குக் குனியும். பாக்கறவங்க குளிருதுன்னு நெனைப்பாங்க. ஏப்ரல் மாசம், பாலக்காட்டு வெயிலு, என்ன குளிரு?

அடுத்து வர்றதுதான் முக்கியம், இத மட்டுமாச்சும் முழுசா படிங்க. கேஸ் ஆனதும் பயத்துல, இல்ல வைராக்கியத்துல, இல்ல பொண்டாட்டி தாலியக் கழட்டி வச்சதுல "இன்னைலருந்து தொடமாட்டேன்"னு ஒரேடியா நிறுத்துவாங்க. தெனமும் குடிக்கறவங்க, காலைல கை நடுங்கறவங்க அப்படி வீட்ல வச்சு நிறுத்தக்கூடாது. நிறுத்துன 6 மணி நேரத்துலருந்து 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், காய்ச்சல் ஏறும், கவனிக்காம விட்டா உயிரே போகும். எங்கண்ணனும் நிறுத்துனாரு. ரெண்டாவது நாள் ராத்திரி சுவத்துல எறும்பு ஊறுதுன்னு தொடைக்க ஆரம்பிச்சாரு. வெள்ளை சுவரு, எறும்பே இல்ல. "அம்மிணி, வெளக்கப் போடு, இங்க பாரு எத்தன"ன்னு என்னையக் கூப்ட்டு காட்டறாரு. அண்ணி பேய் பிடிச்சிருச்சுன்னு திருநீறு எடுக்கப் போயிட்டாங்க. நான் பக்கத்து வீட்டு ஜீப்ப எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்க போட்டது தயமின் ஊசி, அதாவது பி1 விட்டமின், கூட நடுக்கத்த அடக்கற மாத்திரை, அத நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டே வந்து ஒரு வாரத்துல நிறுத்துனாங்க. அவ்வளவுதான் மருந்து, பெரிய செலவு ஒண்ணும் இல்ல, ஆனா டாக்டர் பக்கத்துல இருக்கணும். வீட்ல வச்சு குளுக்கோஸ் ஏத்தறேன்னு எந்தக் கம்பவுண்டரையும் கூப்டாதீங்க, பி1 போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்துறது இவங்களுக்கு மூளைக்கே கெடுதலாப் போகும்னு டாக்டர் அப்பறம் சொன்னாரு.

எங்க போறது? கேரளா பக்கம்னா விமுக்தி, குடி, போதைலருந்து மீட்கற திட்டம். எக்சைஸ் டிபார்ட்மென்ட் நடத்தறது, மாவட்டத்துக்கு ஒரு சென்டர், நம்பர் 14405. பாலக்காடு மாவட்டத்துக்கு அட்டப்பாடி கோட்டத்தறை டிரைபல் ஆஸ்பத்திரில இருக்கு. மேப்ல பாத்து "அவ்ளோ தூரமா"ன்னு மலைக்காதீங்க, நம்ம பக்கத்துலருந்து கோயம்புத்தூர் போயி ஆனைகட்டி வழியாவும் போலாம், அங்க தமிழ் பேசறவங்க நிறைய இருக்கறதால பாஷை பிரச்சனை இல்ல. எக்சைஸ்காரன்னதும் கேஸ் போடுவானோன்னு பயம் வரும், சிகிச்சைக்குப் போறவன் மேல யாரும் கேஸ் போடறதில்ல. தமிழ்நாடு ரேஷன் கார்டுக்காரங்களுக்கு கோயம்புத்தூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டா போதும். எங்க போறதுன்னே தெரியலன்னா 14446, இது மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், இல்ல 14416 டெலி மானஸ், ரெண்டுமே காசில்லாத நம்பர். போன் பண்றது குடிக்கறவராத்தான் இருக்கணும்னு இல்ல, வீட்ல இருக்கறவங்களும் பண்ணிப் பேசலாம்.

பிரைவேட் மறுவாழ்வு மையம் பத்தி ரெண்டு வார்த்தை. நல்ல எடமும் இருக்கு. ஆனா நாங்க மொதல்ல போன ஒரு எடத்துல மூணு மாசத்துப் பணத்த மொத்தமா கேட்டாங்க, டாக்டர் எப்ப வருவாருன்னா "வாரத்துக்கு ஒருக்கா வருவாரு, வராட்டியும் நாங்க பாத்துப்போம்"னாங்க, ஜன்னல்ல ஒரு பையன் உள்ளருந்து வீட்டு நம்பரக் கத்திச் சொல்லி "போன் பண்ணுங்கக்கா"ன்னான். திரும்பி வந்துட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநலப் பிரச்சனையும் அடக்கம், அதனால இந்த மாதிரி எடமெல்லாம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், யாரையும் சங்கிலி போட்டுக் கட்டக்கூடாது. ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்ட காட்டச் சொல்லுங்க, ராத்திரில டாக்டரோ நர்ஸோ யாரு இருப்பாங்கன்னு கேளுங்க. முறைச்சாங்கன்னா வந்த வண்டியிலயே ஏறிருங்க. இன்னொண்ணு, ரிஜிஸ்டர் இல்லாத எடத்து சர்டிஃபிகேட்ட கோர்ட்ல நீட்டுனா அதுக்கு மதிப்பும் இருக்காது.

அப்பறம் அந்தப் பொடி. "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுங்க, குடிய மறந்துருவாரு"ன்னு விளம்பரம் வருது பாருங்க. அண்ணி ஒரு தடவை வாங்கியே வச்சுட்டாங்க, நான் பிடுங்கி சாக்கடைல கொட்டுனேன். டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை உண்மையாவே இருக்கு, அதப் போட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி ஆளே போயிரலாம். அதனாலதான் ஆளுக்குச் சொல்லி, அவரு சம்மதிச்சு, டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. தெரியாம கலந்து குடுத்து, அவரு தெரியாம குடிச்சு, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கறப்ப மயங்குனா? நாம தப்பிக்க வந்ததே அந்தப் பிரச்சனைலருந்துதானே. குடிக்கணும்னு தோணற ஆசையக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு வேற மாத்திரைகளும் இருக்கு, எது யாருக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், வாட்சப்ல வர்ற மாமா சொல்லக்கூடாது.

இப்ப என் லைனு, பேப்பர். டாக்டர்கிட்ட "இவரு குணமாயிட்டாரு"ன்னு எழுதிக் கேக்காதீங்க, எந்த ஒழுங்கான டாக்டரும் அப்படி எழுத மாட்டாரு, எழுதுனா ஜட்ஜும் நம்ப மாட்டாரு. கேக்க வேண்டியது என்னைக்கு வந்து சேந்தாரு, எத்தன நாள் உள்ள இருந்தாரு, அதுக்கப்புறம் எந்தெந்த தேதிக்கு ஓபிக்கு வந்தாரு, கவுன்சிலிங் எத்தன தடவை, அடுத்த தேதி என்ன. டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு ஓபி சீட்டு, மருந்துக்கடை பில்லு, எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல கோத்து ரெண்டு செட் ஜெராக்ஸ். ஒண்ணு வக்கீலுக்கு, இன்னொண்ணு ஆர்டிஓக்கு, ஒரிஜினல் வீட்டோட இருக்கட்டும். அட்மிட் ஆன தேதி கோர்ட் சம்மனுக்கு முன்னாடி இருந்தா அந்த ஒரு தேதியே பாதி வாதம் பண்ணிரும்.

வக்கீல் வைக்க வசதி இல்லன்னா 15100 கூப்டுங்க, இலவச சட்ட உதவி நம்பர் அது, கோர்ட் வளாகத்துலயே தாலூக்கா சட்ட சேவைக் கமிட்டியும் இருக்கும். வக்கீல்கிட்ட ஒரு பேரச் சொல்லுங்க: 1958ம் வருஷத்து ப்ரொபேஷன் ஆஃப் அஃபெண்டர்ஸ் ஆக்ட், பிரிவு 4. குத்தம் நிரூபணமானாலும் உடனே தண்டனை குடுக்காம, நல்லபடியா நடந்துக்கறேன்னு பாண்டு எழுதி வாங்கி, 3 வருஷம் வரைக்கும் கண்காணிப்புல விடறதுக்கு அதுல எடம் இருக்கு, போதைப் பொருள் தொடக்கூடாதுன்னு கண்டிஷன் போடவும் அந்தப் பிரிவுலயே சொல்லியிருக்கு. சிகிச்சைங்கறது கோர்ட்டுக்குள்ள நுழையற கதவு இதுதான். குடுக்கறதும் குடுக்காததும் மாஜிஸ்ட்ரேட் இஷ்டம், கேட்டாத்தான் யோசிப்பாங்க. குடிச்சிட்டு ஓட்டற கேஸ்ல இரக்கம் காட்டக்கூடாதுன்னு நெனைக்கற ஜட்ஜுங்களும் இருக்காங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

எங்க கேஸ்ல கெடைக்கல, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஃபைல வாங்கிப் புரட்டிப் பாத்தாங்க, எத்தன நாளாச்சு விட்டுன்னு கேட்டாங்க, அண்ணன் "41 நாளுங்க மேடம்"னாரு. 10,000 ஃபைன் போட்டாங்க, ஜெயில் இல்ல. அப்ப எதுக்கு இவ்வளவு கஷ்டம்னு என் தம்பி கேட்டான். அன்னைக்கு வெளிய வந்து பக்கத்துக் கடைல டீ குடிச்சோம், அண்ணன் கிளாஸ ஒரு கையால எடுத்தாரு. இந்தக் கேள்விக்கு நான் வேற பதில் சொல்லல.

லைசன்ஸ் கதை தனி. கோர்ட்ல முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. போலீஸ் லைசன்ஸ வாங்கி லைசன்சிங் அதாரிட்டிக்கு, அதாவது ஆர்டிஓ ஆபீசுக்கு, அனுப்புவாங்க, மொத தடவைன்னா 3 மாசம் தடை, மறுபடி மாட்டுனா லைசன்ஸே ரத்து. ஆனா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி உங்க பக்கம் என்னன்னு கேக்கணும், அது சட்டத்துலயே இருக்கு, நோட்டீஸ் வரும். நம்ம ஆளுங்க அந்த நோட்டீஸ சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிட்டு மறந்துருவாங்க. தேதிக்குப் போங்க, ஃபைலோட போங்க. காரணம் சரியா இருந்தா விட்டுர்றதுக்கும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, தடை போட்டுட்டா 30 நாளைக்குள்ள அப்பீல் போகலாம். தடை முடிஞ்சு லைசன்ஸ் திரும்பறதுக்கு டிரைவர் ரிஃப்ரெஷர் டிரெய்னிங்ன்னு ஒண்ணு கேப்பாங்க, கேரளால எடப்பாள்ல அதுக்குன்னு இன்ஸ்டிட்யூட் இருக்கு. நீங்க தமிழ்நாட்டு லைசன்ஸ் வச்சுக்கிட்டு இங்க மாட்டியிருந்தாலும் தப்பிச்சதா நெனைக்காதீங்க, லைசன்ஸ் விவரமெல்லாம் ஒரே சாரதி போர்ட்டல்லதான், கோபாலபுரம் தாண்டுனா மறைஞ்சு போறதுக்கு இது அந்தக் காலத்து சாராய வண்டி இல்ல.

அந்த 3 மாசம் வண்டி ஓட்டவே கூடாது, தோட்டத்துக்குள்ளதானேன்னு ஆரம்பிச்சு ரோட்டுக்கு வந்துருவாங்க. அண்ணன் வேற டிரைவர வச்சுட்டு லோடு மேனா கூடவே போனாரு. சம்பளம் பாதி, ஆனா வீட்ல சும்மா உக்காந்தா சாயங்காலம் 6 மணி ஆனதும் கால் தானா கள்ளுக்கடைப் பக்கம் போகும். அந்த 6 மணிக்கு ஏதாச்சும் வேலை வச்சுக்கணும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய விட நெனைக்கறவங்க கூடிப் பேசற மீட்டிங் பக்கத்துல எங்க நடக்குதுன்னு விசாரிங்க, ஃபீஸ் கெடையாது, பேரு கூட கேக்க மாட்டாங்க.

கஞ்சா, எம்டிஎம்ஏ கேஸ்னா சட்டம் வேற, அதுல சிகிச்சைக்கு நேராவே வழி இருக்கு. என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு, சின்ன அளவோட மாட்டுன அடிமை தானா அரசாங்கம் ஒத்துக்கிட்ட எடத்துல சிகிச்சை எடுத்து முடிச்சா அந்தக் கேஸ்லருந்து விலக்கு, பாதில ஓடிட்டா விலக்கும் போயிரும். 39வது பிரிவுல கோர்ட்டே சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனா போதைல வண்டி ஓட்டுனதுக்கான 185 அப்படியேதான் இருக்கும், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

யாராச்சும் அடிபட்டோ செத்தோ போயிருந்தா நான் சொன்னது எதுவும் தண்டனையக் குறைக்கற வழியா நெனச்சு வராதீங்க. அது இன்னும் பெரிய கிரிமினல் கேஸ், போயிட்டவங்க வீடு ஒண்ணு அங்க இருக்கு. அப்பவும் சிகிச்சை எடுங்க, ஆனா அந்தப் பேப்பர வச்சு பேரம் பேசாதீங்க.

கடைசியா, பார்டர்ல இருக்கற எல்லாரும் கேக்கற கேள்வி, எங்கண்ணனும் டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டாரு. "ஏனுங்க டாக்டர், பிராந்தி வேண்டாம் சரி, கள்ளு குடிக்கலாங்களா? மரத்துலருந்து வர்றதுதானே, ஒடம்புக்கு நல்லதுதானுங்க?" டாக்டர் சீட்டு எழுதறத நிறுத்தாமயே சொன்னாரு, "ஊதற மெஷினுக்குத் தென்னமரம் தெரியாதுங்க." அண்ணன் வெளிய வந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல. பஸ்ஸு ஆனைகட்டி தாண்டுனதுக்கப்புறம், "அம்மிணி, இளநி குடிக்கலாம்ல?"ன்னாரு.